ஆஷாடமும் ஆடியும் ஒரு டு-லெட் போர்டும்

நகரப் பேருந்துகளில் முப்பத்தோரு வருடம் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன் நான். வண்டியை நிறுத்தி முன்வாசல் வழியாக ஏறினால் போதும், கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூடத் தானாக விழித்துக்கொண்டு சட்டைப் பையைத் தடவுவான். பயில்வான்களிடமும் பேராசிரியர்களிடமும் கூசாமல் கையை நீட்டி அபராதம் வாங்கியிருக்கிறேன். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்பேர்ப்பட்டவனால் சொந்த வீட்டு மாடிக்கு ஏறிப்போய், "இந்த மாச வாடகை?" என்று மூன்று வார்த்தை கேட்க முடியவில்லை. கையை நீட்டியதெல்லாம் அந்தக் காக்கிச் சட்டைதான் போலிருக்கிறது. ஓய்வு பெற்ற மறுநாள் அதைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்தபோது, உள்ளே இருந்த ஆசாமியையும் சேர்த்து மடித்து வைத்துவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு அல்சூரில் ஒரு குளியலறை அகலத்துக்குக்கூட மண் வாங்க வக்கில்லை. அதனால் ஓசூர் ரோட்டில் தெற்கே வந்து வந்து, பொம்மசந்திரா பக்கம் ஒரு லேஅவுட்டில் முப்பதுக்கு நாற்பது சைட் வாங்கி, கீழே எங்களுக்கும் மேலே வாடகைக்குமாக வீடு கட்டினோம். கட்டியது வங்கிக் கடனில். மாடி வாடகை மாதா மாதம் படியிறங்கி வரும், கேட்டைத் தாண்டி நேராக வங்கிக்குப் போய்விடும். போகிற வழியில் எங்களுக்கு ஒரு வணக்கம் வைக்கும், அவ்வளவுதான்.

வாடகை வாங்கும் இலாகா என் மனைவியுடையது. அவள் ஒருநாளும் வாடகை என்ற வார்த்தையை வாயால் சொன்னதில்லை. ஒன்றாம் தேதி காலையில் தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, மாடியைப் பார்த்து, "டேங்க்ல தண்ணி இருக்காம்மா? மோட்டார் போடட்டுமா?" என்பாள். மோட்டாரைப் போட மாட்டாள். கேட்டுவிட்டு நிற்பாள். பத்து நிமிடத்தில் வாடகை வந்துவிடும்.

வைகாசியில் எங்கள் பெண்ணுக்குப் பிரசவம். அவள் இருப்பது ஹைதராபாத்தில். மனைவி மூன்று மாதத்துக்குக் கிளம்பினாள். அந்த மாதம்தான் மாடியில் முதல்முறையாக வாடகை வரவில்லை. ரயில் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜன்னல் வழியாக எனக்கு உத்தரவு வந்தது.

"ஆவணி பொறந்ததும் வந்துடுவேன். நான் வரதுக்குள்ள ஒண்ணு பாக்கி வந்திருக்கணும், இல்ல மாடி காலியாயிருக்கணும். ரெண்டும் இல்லேன்னா நீங்க மாடிக்குக் குடி போயிடுங்க, நான் கீழ இருந்துக்கறேன்."

"அதுக்கென்ன, ஒரு அதட்டுப் போட்டா முடிஞ்சது" என்றேன்.

எதிர் சீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மனைவியைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டினார்.

மாடியில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவன் ஆரணிப் பக்கத்துப் பையன், முப்பத்தைந்து வயதிருக்கும். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவி ஆனேக்கல் பக்கத்துக் கன்னடப் பெண், கார்மென்ட்ஸில் தையல். எங்கள் தெருமுனைக்கே அவளுடைய கம்பெனி வண்டி வரும். காதல் கல்யாணம். மூன்று வருடமாக வாடகை ஒருநாள் பிசகியதில்லை. தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆட்களில் பாதிப் பேரை நிறுத்தியபோது அந்தப் பாதியில் இவன் அகப்பட்டுக்கொண்டான். அவள் சம்பளம் சாப்பாட்டுக்குச் சரியாக இருந்தது.

"அட்வான்ஸ் இருக்குமே, அதில் கழித்துக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். பெங்களூர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் வாங்கினோம்தான். அது இப்போது எங்கள் வீட்டு காம்பவுண்ட் சுவராக நிற்கிறது. அவர்களைக் காலி பண்ணச் சொன்னால், புதிதாக வருகிறவரிடம் அட்வான்ஸ் வாங்கித்தான் இவர்களுக்குக் கொடுக்க முடியும். இல்லையென்றால் சுவரைப் பெயர்த்து லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

முதல்முறை வாடகை கேட்கப் போனபோது படியில் ஏறிக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். "தம்பி, நான் நேரா விஷயத்துக்கு வரேன்." நன்றாகத்தான் இருந்தது. பதினாறு படி. பதினாறாவது படியில் கதவு திறந்துவிட்டது.

"வாங்க சார். உங்களைப் பத்திதான் பேசிட்டிருந்தேன். வாடகைதானே? குடுத்தாச்சுன்னே வச்சுக்குங்க."

முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, அவன் எனக்குக் கடன் கொடுத்தவன் மாதிரி. நாளைக்குக் கொடுக்கப் போவதை நேற்றே கொடுத்துவிட்டதுபோல் சொல்லும் வாய் அவனுக்கு. கேட்கிற எனக்கும் பணம் எண்ணி வாங்கின திருப்தி வந்துவிட்டது. அவன் மனைவி, "ஊட்டா ஆச்சா அங்கிள்?" என்று சாப்பாட்டை விசாரித்து, ஒரு தட்டில் அரிசிமாவு அக்கி ரொட்டி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு இறங்கினேன். சாயங்காலம் ஹைதராபாத்திலிருந்து போன்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். குடுத்த மாதிரிதான்."

"குடுத்தானா, குடுத்த மாதிரியா?"

"சாப்பிட்டியா?" என்றேன்.

இரண்டாவது மாதமும் அக்கி ரொட்டியோடு போயிற்று. சரி, இலாகா நடைமுறையையே பின்பற்றுவோம் என்று ஒருநாள் காலை மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "தண்ணி இருக்கா?" என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால் ஒன்றும் கேட்காமல், மோட்டாரைப் போடாமல் வந்துவிட்டேன். தண்ணீர் தீர்ந்தால் தானாக இறங்கி வருவான், அப்போது பேச்சுவாக்கில் கேட்டுவிடலாம் என்பது திட்டம்.

திட்டத்தில் ஒரு சின்ன ஓட்டை. மேலே இருப்பது ஒரே டேங்க். கீழ் வீட்டுக்கும் அதிலிருந்துதான் தண்ணீர். வீட்டைக் கட்டியவன் நான், குழாய் போடுகிறவனுக்கு மூன்று நாள் டீ வாங்கிக் கொடுத்தவன் நான். ஆனாலும் தலையில் ஷாம்பு, கண்ணில் நுரை, கையில் காலி மக்கோடு நின்றபோதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. வீட்டில் வேறு ஆள் கிடையாது. குளியலறை ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"தம்பீ! மோட்டார்!"

தடதடவென்று படியிறங்கும் சத்தம், மோட்டார் உறுமும் சத்தம். பிறகு ஜன்னலுக்கு வெளியே அவன் குரல்.

"போட்டுட்டேன் சார். கண்ணைத் தேய்க்காதீங்க, எரியும். இனிமே காலையில நானே போட்டுடறேன், உங்களுக்கு மறதியாகுது."

அன்று முதல் மோட்டார் இலாகாவும் கைமாறிவிட்டது.

ஆனி பாதிக்கு மேல் போயிற்று. இனி பாக்கி வராது, காலி பண்ணத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்த முறை படியில் உண்மையாகவே பேச்சு வந்தது. "தம்பி, எனக்கும் வங்கிக்காரன் போன் பண்றான். வேற சின்ன வீடாப் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அவன் வாதாடவில்லை. "சரி சார், உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா?" என்றான். பிறகு மனைவி பக்கம் திரும்பினான். அவள் சுவரைக் காட்டினாள். சுவரில் இரண்டு காலண்டர்கள். ஒன்று கன்னடம், அவளுடையது. ஒன்று தேதி கிழிக்கும் தமிழ்க் காலண்டர், அவனுடையது.

"அங்கிள், ஆஷாடா ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஆஷாடால மனை மாத்தறதில்ல" என்றாள்.

"எப்பம்மா முடியும்?"

"வர்ற அமாவாசைக்கு."

"அப்ப அமாவாசை முடிஞ்சதும்..."

"அதுக்குள்ள எங்க ஆடி பொறந்துடும் சார்" என்றான் அவன், தன் காலண்டரைப் புரட்டிக் காட்டி. "அவங்களுது அமாவாசைக்கு அமாவாசை. எங்களுது பாதி ஜூலையில ஆரம்பிச்சு பாதி ஆகஸ்ட் வரைக்கும். நம்ம ஆடியில யாரு சார் வீடு மாறுவாங்க?"

கன்னடப் பெண்ணைத் தமிழ்ப் பையன் கட்டினால் ஆகாத மாசம் ஏழு வாரத்துக்கு நீளும் என்பதை அன்று கண்டுபிடித்தேன். இரண்டு காலண்டரிலும் ஒரே தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்கள். ஆவணி ஒன்று. என் மனைவி ரயிலிலிருந்து இறங்கும் அதே நாள்.

அன்று போனில் இதைச் சொல்லி, "பாத்தியா, எப்படி ஏமாத்தறான்?" என்றேன்.

மறுமுனையில் அதிர்ச்சி. "ஆடி வர நேரத்துல காலி பண்ணச் சொன்னீங்களா? உங்களுக்குப் புத்தி இருக்கா? விளக்கெரியற வீட்டை ஆடியில இருட்டாப் போடுவாங்களா? நமக்கில்ல ஆகாது!"

"அப்ப வாடகை?"

"வாடகை கேக்க நாள் கிழமை எதுக்கு? அதைக் கேளுங்க!"

எதிர்வீட்டுக்காரர் என் வயதுக் கன்னடக்காரர். மூன்று வீடுகளை வாடகைக்கு விட்டிருப்பவர். ஒன்றாம் தேதி குடித்தனக்காரர்கள் அவரைத் தேடி வந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அவரிடம் புலம்பினேன். "போர்டு ஹாக்கி சார்" என்றார். டு-லெட் போர்டு மாட்டுங்கள் என்கிறார். "போர்டு நோடித்ரெ சாக்கு, ஓடி வந்து பணம் கட்டுவாங்க. காலி பண்ணுன்னு ஹேள்பேடி, சொல்லவே வேண்டாம், சும்மா மாட்டுங்க." போர்டைப் பார்த்தாலே பயம் வரும் என்பது அவர் கணக்கு.

ஒரு பலகை வாங்கி, மூன்று மொழியில் நானே எழுதி, கீழே என் போன் நம்பரைப் போட்டு, கேட்டுக்கு மேலே கட்ட ஸ்டூலில் ஏறினேன். ஸ்டூல் ஆடியது. அதைவிட நான் அதிகமாக ஆடினேன்.

"சார், சார்! இறங்குங்க. விழுந்து வச்சீங்கன்னா அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

மாடித் தம்பி ஏணியோடு வந்துவிட்டான். யாரை மிரட்டுவதற்காகப் போர்டு எழுதினேனோ, அவனே அதை வாங்கி, படித்துப் பார்த்து, "கையெழுத்து நல்லாருக்கு சார்" என்று பாராட்டி, மேலே கட்டினான். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கட்டிவிட்டு இறங்கித் தெருவுக்குப் போய் நின்று பார்த்தான். கொஞ்சம் சாய்ந்திருந்ததாம். மறுபடியும் ஏறி நேராக்கினான்.

"சார், ஒண்ணு சொல்லட்டா? உங்க போன் எப்பவும் சைலன்ட்ல கிடக்கும். வர்ற பார்ட்டி பூரா போயிடும். அடியில என் நம்பரையும் போட்டுடறேன். நான் பகல்ல வீட்லதானே இருக்கேன்?"

பேனாவை எடுத்துக் கொடுத்தேன்.

வீடு பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஆடியில் யாரும் குடி வரமாட்டார்களே தவிர, ஆவணிக்கு வீடு தேடுகிற கூட்டம் முழுக்க ஆடியில்தான் தெருவில் அலையும். அவனே எல்லோரையும் மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டினான். தான் குடியிருக்கும் வீட்டைக் கெடுத்துச் சொல்லி விரட்டுவான் என்று எதிர்பார்த்துப் படிக்கட்டுக்கு அடியில் நின்று ஒட்டுக் கேட்டேன். ஒட்டுக் கேட்கிறவன் தன்னைப் பற்றி நல்லபடியாகக் கேட்பதில்லை என்பார்களே, எனக்கு அதைவிட மோசமாகிவிட்டது. ரொம்ப நல்லபடியாகக் கேட்டேன்.

"தண்ணி போர் தண்ணி சார், பருப்பு வேக லேட்டாகும், பொய் சொல்லக் கூடாது பாருங்க. காத்து பிரமாதமா வரும். ஓனரா? தங்கம் சார்! பஸ்ல செக்கரா இருந்தவரு, ஆனா ஆளு பஞ்சு. வாடகை கேக்கணும்னு மேல வருவாரு. கேக்காமலே சாப்டுட்டுப் போயிடுவாரு. ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு வார்த்தை கடுசாப் பேசினதில்ல."

அதன்பிறகு கீழே என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோர் முகத்திலும் ஒரு தனிப் பிரகாசம்.

ஆடி பிறந்து பத்து நாளிருக்கும். கோயம்புத்தூர்க்கார இளம் ஜோடி ஒன்று வந்தது. இருவரும் கணினி வேலை. வீடு பிடித்துவிட்டது. நான் கேட்டதற்கு மேலேயே தருவதாகச் சொன்னார்கள். பத்து மாத அட்வான்ஸ் ஒரே தவணையில். ஆவணி ஒன்றாம் தேதி பால் காய்ச்சிவிடுவார்களாம். டோக்கன் அட்வான்ஸை ஆடிப்பெருக்கு அன்று கொண்டு வருகிறோம் என்றார்கள்.

கிளம்பும்போது அந்தப் பையன் கேட்டைப் பிடித்துக்கொண்டு தயங்கினான்.

"அங்கிள், ஒரு விஷயம். சில மாசம் கிரெடிட் கார்டு, கார் லோன்னு டைட்டாயிடும். வாடகை முன்னப் பின்ன ஆச்சுன்னா நீங்க பெருசா எடுத்துக்க மாட்டீங்களாமே? மேல அண்ணா சொன்னாரு."

"யாரு, நானா?" என்று குரலை உயர்த்தினேன்.

"கோவப்படறப்பகூட ஸ்வீட்டா இருக்காரு" என்றாள் அந்தப் பெண், அவனிடம்.

மனைவிக்குப் போன் போட்டேன். அவளுக்கு அந்த ஜோடியின் சம்பளம் தெரியும், கேள்வி தெரியாது. நானும் சொல்லவில்லை. "விட்டுடாதீங்க. பெருக்கு அன்னிக்கு டோக்கனை வாங்கி சாமிகிட்ட வச்சுடுங்க. மாடியிலயும் தெளிவாச் சொல்லிடுங்க. பாவம்தான், நானும் யோசிக்காம இல்ல. ஆனா பேங்க்ல பாவம் பாக்கறானா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. பயமுறுத்த மாட்டிய போர்டு நிஜமாகவே வேலை செய்துவிட்டது. அன்று மத்தியானம் மாடித் தம்பி மளிகைக் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி, கயிறு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலே போனான். பின்னாலேயே வந்த அவன் மனைவி மட்டும் நின்றாள்.

"அங்கிள், இங்கேந்து தூரம் போனா கம்பெனி வண்டி வராது. ரெண்டு பஸ் மாத்தணும். இந்த ஸ்டாப் பக்கத்துலயே சின்னதா ஏதாவது இருந்தா சொல்லுங்க."

சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அவள் போனபிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆடிப்பெருக்கு வந்தது. ஜோடி சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தது. அதற்குள் மாடியில் கடைசி வார்த்தையைச் சொல்லியாக வேண்டும். தைரியத்துக்கு என்ன செய்யலாம் என்று பீரோவைத் திறந்தேன். காக்கிச் சட்டையின் பட்டன் வயிற்றில் சேரவில்லை. பழைய கறுப்பு ஷூ மட்டும் பொருந்தியது. வேட்டிக்குக் கீழே ஷூவைப் போட்டுக்கொண்டு படியில் டக் டக் என்று ஏறினேன். பழைய சத்தம். பாதிப் படியில் முதுகு தானாக நிமிர்ந்தது. கை நீண்டது.

கதவு திறந்தது. அவன் காதில் போன். கன்னடத்தில் யாரிடமோ, "மேடம், நாய் இருந்தா அந்த ஓனர் ஒத்துக்க மாட்டார், உங்களுக்கு வேற காமிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். போனைப் பொத்திக்கொண்டு, "வாங்க சார். ஷூவை மட்டும் கழட்டிட்டு வந்துடுங்க, அவங்க இப்பதான் தொடச்சாங்க" என்றான்.

உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தேன். இடது ஷூவோடு பாதித் தைரியம் போயிற்று. வலது ஷூ முடிச்சு விழுந்துகொண்டு வர மறுத்தது. அவனே குனிந்து அவிழ்த்துவிட்டான்.

உள்ளே மூலையில் அட்டைப்பெட்டிகள், கயிறு கட்டித் தயாராக. சுவரில் இரண்டு காலண்டரிலும் சிவப்பு வட்டம். அவன் மனைவி சித்ரான்னம் கொண்டு வந்து வைத்தாள். நான் தொடவில்லை. அந்த அளவுக்கு உறுதியாக இருந்தேன். முந்திரி போட்டிருந்தது.

"தம்பி, நான் நேரா விஷயத்துக்கு வரேன்."

"அதுக்கு முன்னாடி இதைப் பிடிங்க சார்" என்று ஒரு கவரை என் கையில் வைத்தான். "ரெண்டு மாச வாடகை. ஒரு மாசம் பாக்கி நிக்குது."

கவரைத் திறந்து பார்த்தேன். கொடுத்தாச்சுன்னு வைத்துக்கொள்ளும் பணம் இல்லை, நிஜப் பணம்.

"எங்கப்பா புடிச்ச?"

"உங்க போர்டுலதான் சார்!"

விஷயம் இதுதான். ஒரு நாளைக்கு இருபது போன் வந்திருக்கிறது. எல்லோருக்கும் எங்கள் மாடி சரிப்படுமா? ஒருவருக்குக் கார் நிறுத்த வேண்டும், ஒருவருக்கு நாய், ஒருவருக்கு மாமியார் படியேற முடியாது. பாவமே என்று பக்கத்துத் தெருக்களில் காலியாக இருந்த வீடுகளைக் காட்டியிருக்கிறான். மூன்று வீடு முடிந்துவிட்டது. இந்த ஊர் வழக்கப்படி புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன்.

"ஏன்பா முன்னாடியே சொல்லல?"

"ஆடியில புதுத் தொழில் ஆரம்பிக்கக் கூடாது பாருங்க. அதனால இது தொழில் இல்லன்னு சும்மா செஞ்சுட்டிருக்கேன். ஆவணி ஒண்ணுலேர்ந்துதான் தொழில்." காலண்டரைக் காட்டினான். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அந்த வட்டம் ரெண்டுக்கும் பொது சார். நீங்க போகச் சொன்னா அன்னிக்குக் காலி பண்றோம். இருக்கச் சொன்னா அன்னிக்குத் தொழில் ஆரம்பம். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் சமையலறை வாசலில், கரண்டியைக் கழுவாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"சாயங்காலம் அந்தக் கோயம்புத்தூர் பசங்க டோக்கனோட வராங்களேப்பா" என்றேன்.

"அவங்க உங்களுக்கு வேண்டாம் சார்" என்றான், டாக்டர் மாதிரி. "நல்ல பசங்கதான். ஆனா வாடகை இழுத்தடிக்கற பார்ட்டி. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஜன்னல் பாக்கல, தண்ணி பாக்கல, ஓனர் எப்படின்னுதான் மொதல்ல கேட்டாங்க. எனக்குத் தெரியாதா சார், நானே அந்த லைன்லதானே இருக்கேன்? எதிர்வீட்டு சாரோட மாடி ஆவணிக்குக் காலியாகுது. அவருக்கு வாங்கத் தெரியும். நீங்க சரின்னா அங்க அனுப்பிடறேன்."

வங்கியை நினைத்தேன், மனைவியை நினைத்தேன், ஒரே தவணை அட்வான்ஸை நினைத்தேன். பிறகு அந்த ஜோடி மூன்று மாத பாக்கியோடு மாடியில் நிற்க, நான் பதினாறு படி ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். அவர்களுக்கு அக்கி ரொட்டி போடவும் தெரியாது.

"அனுப்பு" என்றேன். சித்ரான்னத் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

ஆவணி ஒன்றாம் தேதி காலை மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். பேரன் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவள் கேட்டில் அண்ணாந்து பார்த்து நின்றாள். போர்டு அப்படியே தொங்கியது. மாடிக் கொடியில் துணி காய்ந்தது.

"பாக்கி வந்துச்சா?"

"ரெண்டு மாசம் வந்துச்சு. வங்கியில கட்டியாச்சு."

"மாடி காலியாச்சா?"

"இல்ல. கோயம்புத்தூர் ஜோடி எதிர்வீட்டு மாடிக்குப் போயிடுச்சு."

"அப்ப போர்டு எதுக்கு தொங்குது?"

நான் யோசிப்பதற்குள் மாடித் தம்பி இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் குங்குமம் சகிதம் இறங்கி வந்து, அவள் பெட்டியை வாங்கிக்கொண்டான். அன்று தொழில் தொடக்கம்.

"போர்டு இருக்கட்டும்மா, அதான் நம்ம கடை! மிச்சம் ஒரு மாச பாக்கியைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை பேசணும். அது கமிஷன்ல சரியாப் போச்சும்மா."

"என்ன கமிஷன்?"

"சார் மாடிக்கு ஆள் வேணும்னு போர்டு போட்டாரு. நல்ல ஆளாப் பாத்துப் புடிச்சுக் குடுத்திருக்கேன்ல? அதுக்கு ஒரு மாச வாடகை."

"எந்த ஆளு?"

"நான்தாம்மா."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. தலையைக்கூட ஆட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். மனைவி என்னைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு நிதானமாக நடந்து மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சரி, கமிஷன் நியாயம்தான். எங்க கேட்டுல உன் நம்பர் போட்டு ஆறு வாரமா கடை தொங்குதே, அந்த எடத்துக்கு வாடகை?"

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"எவ்வளவும்மா?"

"ஒரு மாச வாடகைன்னு வச்சுக்கோ. கமிஷனுக்கும் அதுக்கும் சரியாப் போச்சு. பாக்கி பாக்கியாவே நிக்குது."

மேலே கைப்பிடிச் சுவரில் அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டான். "குடுத்தாச்சுன்னே வச்சுக்குங்கம்மா" என்றான்.

"வச்சுக்க மாட்டேன். குடு."

பின்பாக்கெட்டிலிருந்து கவரை எடுத்துக் கொடுத்தான். தயாராகத்தான் வைத்திருந்திருக்கிறான், திருடன்.

நான் மூன்று மாதம் படியில் ஒத்திகை பார்த்த பேச்சு அந்த மூன்று வார்த்தைதான் என்று புரிந்து வாயைத் திறப்பதற்குள் அவன் போன் அடித்தது. காதில் வைத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தான். பாதி வழியில் திரும்பி என்னைக் கூப்பிட்டான்.

"சார், ரெண்டாவது க்ராஸ் தெருவுல ஒரு வீடு காமிக்கணும், எனக்கு வேற பார்ட்டி நிக்குது. நீங்க சும்மாதானே இருக்கீங்க? அந்த ஷூவைப் போட்டுட்டு வாங்க, பாக்க நல்லாருக்கும்."

மனைவி கவரை எண்ணிக்கொண்டே, "போயிட்டு வாங்க. கமிஷன்ல பாதி கேளுங்க" என்றாள்.

போய்க் காட்டிவிட்டு வந்தேன். பாதியைத்தான் இன்னும் கேட்கவில்லை.